பக்லாவா விற்கும் இனிப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இனிப்பக உரிமையாளர்களுக்கும் ஸ்வீட் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பிஸ்தா போன்ற கொட்டைப் பருப்பு வைத்துச் சுட்டு, பாகு ஊற்றும் துருக்கி இனிப்பான பக்லாவாவையும் மைசூர்பாகுக்குப் பக்கத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பல கடைகளில் அது வனஸ்பதி வாடையோடு, பாகில் ஊறித் தொளதொளவென்று கிடக்கிறது. அத்தனை விலை கொடுத்து வாங்குபவருக்கு இது நியாயமில்லை.

இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையின் 1473-ஆம் ஆண்டுச் சமையலறைக் குறிப்பிலேயே பக்லாவா வருகிறது. ரமலான் பாதியில் ஜானிசரி எனப்பட்ட ஒட்டோமான் படை வீரர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு தட்டு என்று சுல்தான் கொடுத்தனுப்பிய பண்டம் இது. இன்று இதற்குப் பேர்போன ஊர் துருக்கியின் காஸியான்டெப். 2013-இல் அந்த ஊர் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. முற்றுவதற்குள் பறித்த பச்சைப் பிஸ்தா, பாலில் ரவை காய்ச்சிய கூழ், உருக்கிய நெய் என்பதே அவர்கள் முறை.

கோளாறு பெரும்பாலும் கொழுப்பில்தான் தொடங்குகிறது. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது தாளை நனைத்துவிடும், பால் கசடும் தீய்ந்து கரும்புள்ளி விழும். வனஸ்பதி மேலண்ணத்தில் ஒட்டும். நல்ல நெய்க்கு நம் ஊரில் பஞ்சமா என்ன? ஃபிலோ எனும் அந்த மாவுத் தாள் அரைக் கிலோவுக்கு 250 கிராம் நெய், 400 கிராம் பருப்பு போதும். தாளை ஈரத்துணி போட்டு மூடியே வையுங்கள்; மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களிலேயே நொறுங்கும்.

துண்டு போடுவது வேகவைக்கும் முன்பே, கத்தி தட்டின் அடியைத் தொடும்வரை. ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். மேலே சிவந்ததும் எடுத்துவிடுகிறார்கள். அடித்தாள் மாவாகவே நின்று, பாகு பட்டதும் களியாகிவிடுகிறது. ஓரத்துண்டு ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

பாகுக்கு 500 கிராம் சர்க்கரை, 350 மில்லி தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. கம்பிப் பதம் வேண்டாம். அது அடுக்குக்குள் இறங்காது, மறுநாள் சர்க்கரை பூத்துவிடும். பிசுக்குப் பதத்தில் இறக்கி, அடுப்பிலிருந்து வந்த தட்டில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். சொர்ரென்று சத்தம் கேட்க வேண்டும். ஆறும்வரை மூடாதீர்கள், ஆவி அடித்தால் மொறுமொறுப்பு போய்விடும். ஃபிரிட்ஜிலும் வேண்டாம், நெய் உறைந்துவிடும்.

முந்திரி வைத்தாலும் சுவைதான். அதில் எங்களுக்கு வழக்கில்லை. ‘முந்திரி பக்லாவா’ என்று பெயர் எழுதி விற்றால் போதும். ஆனால் நிலக்கடலைக்குப் பச்சை நிறமேற்றிப் பிஸ்தா என்று சொல்வது மோசடி. எந்தப் பருப்பு, எந்தக் கொழுப்பு, எந்தத் தேதியில் செய்தது என்ற மூன்றையும் தட்டுக்கு முன்னால் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
பக்லாவா செய்பவர்கள் சிலர்