பூக்கார அக்காவை முதல் சண்டையிலேயே சாகடித்தவனின் நன்றி மடல்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள எல்லோருக்கும்,

1994இல் வந்த 'யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்' ஆட்டம், அதாவது படைவீரர்களை அனுப்பி வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டைபோடும் கணினி விளையாட்டு, இப்போது என் சட்டைப்பையில் அடங்கும், லினக்ஸில் இயங்கும் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடுகிறது. போன வாரம் அல்சூரில் மெட்ரோ ஏறி, காடுகோடியில் இறங்குவதற்குள் ஒரு பறக்கும் தட்டைச் சுட்டு வீழ்த்தி, ஆட்களை இறக்கி, இரண்டு பேரைப் பலிகொடுத்துவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் இது ஒரு வசதி. பையப்பனஹள்ளியில் கூட்டம் நெருக்கினால் அப்படியே நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். நம் முறை முடிந்தது என்று 'என்ட் டர்ன்' பொத்தானை அழுத்துகிறவரை வேற்றுக்கிரகவாசிகள் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டு "நீயே செய்தாயா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் செய்தது கடைசி முழம் மட்டும். மீதி யார் யார் செய்தது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில், நான் முகம் பார்த்திராதவர்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் கோலப் சகோதரர்கள், ஜூலியனும் நிக்கும். அந்தப் பழைய நிரல் (ஆட்டத்தை இயக்க எழுதிய கட்டளைகள்) பொதுவில் வெளியாகவில்லை. ஓபன்எக்ஸ்காம் என்ற பெயரில் இதை மறுபடி உருவாக்கிய குழுவினர் ஆட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து, சி++ மொழியில் முழுவதையும் புதிதாக எழுதினார்கள். 2014இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. படம், வரைபடம், ஒலி எல்லாவற்றையும் அது பழைய ஆட்டத்தின் கோப்புகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவற்றை நாம்தான் காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். (தொண்ணூறுகளில் என்னிடம் இருந்த சிடி எங்கே வாங்கியது என்று யாரும் கேட்காதீர்கள். இப்போது முறைப்படி வாங்கியாயிற்று.)

அவர்கள் பழைய பிழைகளையும் திருத்தியிருக்கிறார்கள். இதில் எங்கள் வீட்டில் ஒரு மானப் பிரச்சினை உண்டு. என் அண்ணன் இந்த ஆட்டத்தை ஆகக் கடினமான மட்டத்தில் முடித்ததாக இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் காலக் கணினிகளின் டாஸ் இயங்குதளத்துக்கான பதிப்பில், சேமித்த ஆட்டத்தை மறுபடி திறந்தால் எந்த மட்டமாக இருந்தாலும் சத்தமில்லாமல் தொடக்கநிலைக்கு இறங்கிவிடும். இதைச் சொன்னபிறகு அண்ணன் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

அடுத்து ஆபீஸில் எதிர்வரிசையில் உட்காரும் சேலத்து அக்காவும், எங்கள் மாடி வீட்டுப் பையனும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனாலும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் கருவியில் இருப்பது ஜேஇசட்4770 என்ற மிப்ஸ் சில்லு. 1 கிகாஹெர்ட்ஸ் வேகம், 512 எம்பி நினைவகம். மடிக்கணினியில் இருக்கும் சில்லு வேறு வம்சம். ஆக மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு மிப்ஸுக்குப் புரியும்படி நிரலைத் தொகுக்க, அதாவது சில்லின் மொழிக்கு மாற்ற, கிராஸ் கம்பைலர் என்ற மென்பொருள் வேண்டும். ஆட்டத்தை மட்டும் தொகுத்தால் போதாது. படமும் ஒலியும் தரும் எஸ்டிஎல், சேமித்த ஆட்டங்களைப் படித்து எழுதும் யாமல்-சிபிபி என்று அது சாய்ந்து நிற்கும் தூண்கள் ஒவ்வொன்றையும் அதே மிப்ஸுக்குத் தொகுக்க வேண்டும். ஒன்றில் பதிப்பு பொருந்தாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தச் சிவப்பையெல்லாம் வாசித்துக் காட்டினார். மூன்று வாரம் எடுத்தது.

ஒருவழியாக ஓடியதும் சோதனைக்கு மாடி வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். பதினோரு வயது. விளையாடக் கொடுத்தால் வேலை செய்வான் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான்: "ஊர் சண்டை, இரவு. அவங்க முறை வந்ததும் தொங்குது. ஆனா தொங்கலை. 41 வினாடி. 38. 44." போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருக்கிறான்! "மாமா, செத்துப்போச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிடாதீங்க, அது யோசிக்குது" என்றான்.

அவன் சொன்னது சரி. எதிரியின் முறையில் ஒவ்வொரு வேற்றுக்கிரகவாசிக்கும் எங்கே போகலாம், யாரைப் பார்க்க முடிகிறது என்று நிரல் வழி தேடுகிறது. சில்லு மெதுவானது, என்ன செய்வது என்று நான் விட்டுவிட்டேன். அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவர் பையனின் கையெழுத்தை வாசித்தார், அப்புறம் என் தொகுப்புக் கட்டளையை வாசித்தார். "தம்பி, ஓ2 எங்கே?"

இல்லை. வேகப்படுத்தும் அந்த ஒரு சொல்லைப் போடவே மறந்திருக்கிறேன். பிழைதேடுவதற்காக முதல் நாள் வைத்த டீபக் அமைப்பிலேயே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். அதைச் சேர்த்துத் திரும்பத் தொகுத்துக் கொடுத்தேன். பையன் நோட்டில் அடுத்த வரி: "6 வினாடி. சூப்பர்." அக்கா இன்றும் லிஃப்டில் என்னைப் பார்த்தால் "ஓ2" என்றுதான் வணக்கம் சொல்கிறார்.

திரை விஷயத்தில் நன்றி, எங்கள் தெருவில் போர்டு எழுதும் பெரியவருக்கு. ஆட்டம் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டது. என் திரை 320க்கு 240. அப்படியே வைத்தால் மேலும் கீழும் இருபது இருபது வரி கறுப்பாக நிற்கும். நீட்டி நிரப்பினால் ஐந்து வரிக்கு ஒரு வரி இரண்டாகும். 1994இல் பழைய மானிட்டர்களும் இழுத்துத்தான் காட்டின, ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயில் இழுப்பு சீராக விழும். இங்கே சில எழுத்துகளுக்கு மட்டும் இடுப்பு தடிக்கிறது. எது நல்லது என்று ஒரு வாரம் குழம்பினேன். டீக்கடையில் இரண்டையும் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுத்து சின்னதா இருக்கலாம்பா. ஒண்ணுக்கொண்ணு மாறக் கூடாது." கறுப்புப் பட்டையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நாற்பது வருடம் தூரிகை பிடித்தவர் சொன்னபின் அப்பீல் கிடையாது.

மனைவிக்கு நன்றி சொல்லாவிட்டால் வீட்டுக்குள் போக முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. புது ஆட்டம் தொடங்கி, பூமியில் ஓர் இடத்தைத் தேர்ந்ததும், தளத்துக்குப் பெயர் கேட்கும். ஒரு எழுத்தாவது தட்டினால்தான் 'ஓகே' பொத்தானே தோன்றும். என் கருவியில் விசைப்பலகை கிடையாது. அதாவது முப்பது வருடப் பழைய ஆட்டத்தை மாதக்கணக்கில் உழைத்து ஓட வைத்துவிட்டு, முதல் நிமிடத்திலேயே கதவுக்கு வெளியே நின்றேன். தற்காலிகமாக ஒரு பொத்தானுக்கு 'ஏ' எழுத்தைக் கட்டினேன். பையனின் தளங்களுக்கெல்லாம் 'ஏஏஏ' என்று பெயர். திரையிலேயே விசைப்பலகை வரைய இரண்டு இரவு போராடினேன். இரண்டாம் இரவு ஒரு மணிக்கு இவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். "பேரை நீங்களே எழுதி வச்சுட்டா என்ன? வேணாம்னா மாத்திக்கட்டும்." பத்து நிமிட வேலை. இப்போது தளத்தின் பெயர் ஏற்கனவே நிரம்பி வருகிறது: அல்சூர்.

மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை மட்டும் போட்டு உட்கார்ந்திருக்கும் கன்னடக்கார அண்ணனுக்கும் நன்றி. நான் ஒயரில் கால் தடுக்கிச் சார்ஜிங் போர்ட்டைப் பெயர்த்துக்கொண்டு போய் நின்றேன். ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஐந்து கால்களையும் ஒவ்வொன்றாக ஒட்டி, நூறு ரூபாய் வாங்கினார். ஒலி விக்கி விக்கி வந்தபோது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் பஃபரின் அளவை 1024இலிருந்து 2048 ஆக்கச் சொன்ன கோவை நண்பனுக்கு ஒரு காபி பாக்கி.

நண்பர்களின் புதுக் கருவிகளுக்காக 1999இன் 'ஜேகட் அலையன்ஸ் 2' ஆட்டத்தையும் தொகுத்தேன். அதில் நான் பட்ட பாடு குறைவு. அதன் நிரல் 2004இல் வெளியே வந்தது. பழைய ஆட்டங்கள் கோப்பில் இருப்பதை அப்படியே நினைவகத்தில் கொட்டிவிடும். புதுக் கருவிகளில் இருக்கும் 64 பிட் சில்லில் அதெல்லாம் இடம் மாறிப் போகும். ஸ்ட்ராச்சாட்டெல்லா என்ற பெயரில் அதைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாகப் பிரித்து வாசிக்கும்படி முன்பே மாற்றி வைத்திருந்தார்கள். ஆட்டமும் 640க்கு 480, திரையும் 640க்கு 480. அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் மூன்றரை அங்குலத் திரையில் அந்த எழுத்தை வாசிக்க எனக்கு இப்போது கண்ணாடி தேவைப்படுகிறது. அதை எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியவில்லை.

கடைசியாக ஒரு மன்னிப்பும் உண்டு. ஓபன்எக்ஸ்காமில் படைவீரர்களின் பெயர்கள் நாடுவாரியாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். முதல் பெயர் ஒரு பட்டியல், குடும்பப் பெயர் ஒரு பட்டியல். ஆட்டம் இரண்டையும் கலந்து பெயர் வைக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்த இடத்தில் இனிஷியல்களைப் போட்டேன். முதல் பெயர்களுக்கு எங்கள் தெருவையே எழுதினேன். தமிழ் எழுத்தை அந்த ஆட்டத்தின் எழுத்துருவில் கொண்டுவர முடியவில்லை, ஆங்கில எழுத்தில்தான். இஸ்திரி போடுகிறவர், டியூஷன் டீச்சர், பால் பாக்கெட் போடும் தம்பி, பூக்கார அக்கா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் உங்கள் எல்லோரையும் துப்பாக்கி கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டேன்.

முதல் சண்டையில் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது பூக்கார அக்கா. ஒவ்வொரு முறையிலும் ஆளுக்கு இத்தனை என்று நேர அலகு உண்டு, ஓர் அடி வைக்க அதில் நான்கு செலவாகும். அக்கா மூன்று அடி வைத்தார். இறந்தவர்களின் பெயரும் தேதியும் ஆட்டத்தில் ஒரு நினைவுப் பட்டியலில் ஏறும். பையன் அந்தத் திரையை அப்படியே கொண்டுபோய்ச் சிக்னல் ஓரத்தில் அவரிடமே காட்டிவிட்டான். சாயங்காலம் நான் போனபோது அக்கா மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "நான் எப்படிப்பா செத்தேன்?"

சொன்னேன்.

"முன்னாடி யாரையும் அனுப்பிப் பாக்கலியா?"

இல்லை அக்கா, அனுப்பவில்லை. அடுத்த ஆட்டம் தொடங்கியாயிற்று. இப்போது நீங்கள் விமானத்திலிருந்து கடைசி ஆளாகத்தான் இறங்குகிறீர்கள். உங்களுக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது. பையன்தான் மாற்றி வைத்தான்.

அன்புடன்,
மூன்றாம் மாடி வீட்டுக்குக் கீழ் வீட்டுக்காரன்