டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சைலன்சரையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விதிமீறிப் பொருத்திய சைலன்சர்களைக் காவல்துறையினர் பறிமுதல் செய்து, சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. அந்த நடவடிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தக் குவியலில் சேராமல், கம்பெனி கொடுத்த அதே சைலன்சரோடு ஓடி, தெருவையே எழுப்பிவிடும், பெட்ரோலோடு ஆயிலையும் எரிக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளும் இருக்கின்றன. இருசக்கர வாகனப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் அவற்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். என் பட்டறைக்கு வருபவற்றைப் பார்த்துச் சொல்வதானால், அவற்றின் இரைச்சலுக்கும் புகைக்கும் வயதைவிடப் பராமரிப்பின்மையே பெரிய காரணம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை தயாரானது. மைசூரில் தயாரான யெஸ்டியும் 1996-இல் நின்றுபோனது. இருந்தும் இவை சாலையை விட்டுப் போகவில்லை. நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் 100-க்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேல் விலை பேசுகிறார்கள். கிராமப்புறங்களில் பழைய எக்ஸெல் சூப்பர் வண்டிகள் இன்னும் மூட்டை சுமக்கின்றன. அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள், சைலன்சரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் வியப்பு.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தங்கிச் சுற்றி வருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில் நாம் கலந்து ஊற்றினாலும், ஆர்எக்ஸ் 100-இல் உள்ளதுபோல் தனி டாங்கிலிருந்து பம்ப் செலுத்தினாலும், டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. முழுமையாக எரியாத பகுதி, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும், அதைச் சைலன்சரோடு இணைக்கும் பெண்ட் பைப்பிலும், சைலன்சரின் வால்பகுதியில் சத்தத்தைக் குறைக்கும் துளையிட்ட குழாயான பேஃபிளிலும் கரியாகப் படிகிறது. மேலும், இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டை மூட வால்வு கிடையாது. வெளியேறும் புகையின் அழுத்த அலை சைலன்சரின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடுவதற்குள் வெளியே நழுவும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. ஆகவே டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைக்கும் வெறும் டப்பா அல்ல, எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும்.

பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது, 'பிக்கப் இல்லை' என்பதுதான். அதற்குள் வேறெங்கோ கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்திருப்பார்கள், ரிங் செட்டையும் மாற்றியிருப்பார்கள். சைலன்சரின் பின்முனையில் உள்ள சிறு போல்ட்டைக் கழற்றி, பேஃபிளைக் குறட்டால் பிடித்து இழுத்தால், துளைகளெல்லாம் அடைபட்டு, தார் போன்ற பசையுடன் ஒரு கறுப்புக் குழாய் வெளியே வரும். சில வண்டிகளில் அது வருவதற்கே அரை நாள் பிடிக்கும். அதைக் கண்டதும் உரிமையாளர், 'இதைப் போடாமலே ஓட்டலாமே' என்கிறார். அவருக்குச் சரி என்று தலையாட்டும் மெக்கானிக்குகளும் எங்கள் தொழிலில் உண்டு. பேஃபிள் இல்லாத வண்டி அலறுவதால் வேகம் கூடியதுபோலத் தோன்றும். உண்மையில் கீழ் வேகத்தில் இழுவை குறைகிறது. காற்று, பெட்ரோல் விகிதம் மாறி, பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகவும் வாய்ப்புண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் நெடுஞ்சாலையில் முறுக்கினால் பிஸ்டன் சூட்டில் இறுகி, அதாவது சீஸ் ஆகி, நடுவழியில் நிற்க நேரிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருப்பதே அதற்கு முன்னறிவிப்பு. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கவலையில்லை.

சுத்தம் செய்வதிலும் நிதானம் தேவை. பேஃபிளை நெருப்பில் சுட்டுத் தட்டினால் கரி உதிர்ந்துவிடும். சைலன்சரைக் காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றிக் கழுவும் வழக்கமும் உண்டு. அது கையையும் கண்ணையும் அரிக்கும், அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதால் சிலிண்டர் ஹெட் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. 2000-க்குப் பின் வந்து, சைலன்சருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளுக்கு இந்த இரண்டு முறையுமே ஆகாது. கழற்றிய சைலன்சரை மாட்டும்போது பழைய பேக்கிங்கையே திரும்ப வைப்பது இன்னொரு கெட்ட வழக்கம். சிலிண்டரோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் அமரும் அந்த வளையம் ஒருமுறை நசுங்கினால் மறுபடி சரியாக அடைக்காது. அந்த இடத்தில் ஆயில் கசிந்து கறுத்திருந்தாலோ, 'பட் பட்' என்று வெடிப்பதுபோல் சத்தம் வந்தாலோ பேக்கிங் போய்விட்டது என்று பொருள். அதன் விலை மிகச் சொற்பம்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் ரேஸ் வகைச் சைலன்சர்களில், துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு வைத்திருப்பார்கள். டூ ஸ்ட்ரோக் புகையில் ஆயில் இருப்பதால், அது ஊறி இறுகி, பிறகு துண்டு துண்டாக வெளியே பறந்துவிடும். புதிதாக வைக்கும்போது நெருக்கித் திணித்தால் சத்தத்தை உள்வாங்காது. தளர்வாக வைத்தால் சீக்கிரம் பறந்துவிடும். இதைச் செய்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது இருசக்கர வண்டிகளுக்கான புகைச் சான்றிதழ் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் மட்டுமே அளக்கப்படுகின்றன. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு அவற்றின் வரம்பு முறையே 4.5 சதவீதமும் 9,000 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் 9,000 பங்கு) ஆகும். சத்தத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. ஒலி, காற்று மாசு விதிகளை மீறுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அது சாலையில் பிடிபடுபவருக்கு மட்டுமே பொருந்திப்போகிறது. 15 ஆண்டுகள் கடந்த வண்டிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க எப்படியும் ஆய்வாளர் முன் வந்து நிற்கின்றன. அப்போது பேஃபிள் இருக்கிறதா, பெண்ட் பைப் பேக்கிங் கசிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். குறை இருந்தால் உடனே அபராதம் விதிக்காமல், சரிசெய்து வர 15 நாள் அவகாசம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
திருச்சி.