குந்தா மலைச்சரிவில் எங்கள் வானொலி ஓயாதிருக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நேயர்களுக்கும், எங்கள் ஒலிபரப்பு எட்டாத தொலைவில் இருந்தும் எங்களுக்காக நின்றவர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஐப்பசியில் எங்கள் சமுதாய வானொலியின் ஒலிபரப்பு நாளொன்றுக்கு 8 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகச் சுருங்கியதையும், தை பிறந்ததும் அதுவும் நின்றுபோகலாம் என்ற நிலை வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். இப்போது பழையபடி 8 மணி நேரமும் ஒலிபரப்புகிறோம். ஒலிபரப்பிலேயே பலமுறை நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் அது காற்றோடு போய்விடாமல் எழுத்திலும் நிற்க வேண்டும் என்று நிலையத்தில் வேலை செய்யும் நாங்கள் 5 பேரும் விரும்பியதால் இந்த மடலை எழுதுகிறோம். உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஊரையும் அவர்கள் செய்ததையும் மட்டும் சொல்கிறோம். யாரைக் குறிக்கிறோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் உதவியின் அளவு அப்போதுதான் விளங்கும். எங்களிடம் இருப்பது 50 வாட் ஒலிபரப்பி. வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஒன்றின் திறன்தான் அது. 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின்படி, எங்களைப் போன்ற நிலையங்கள் வணிக நோக்கில் யாரையும் நிகழ்ச்சிக்குப் புரவலராகச் சேர்த்துக்கொள்ள முடியாது. மத்திய, மாநில அரசுகளும், பொதுநலத் தகவல்களைச் சொல்வதற்காகப் பிற அமைப்புகளும் மட்டுமே நிகழ்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்யலாம். விளம்பரங்களுக்கும் மணிக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு உண்டு. அப்படியே விளம்பரம் கேட்டுப் போனாலும் மஞ்சூரிலும் எமரால்டிலும் எத்தனை கடைகள் இருக்கின்றன? ஆகவே கர்ப்பிணிகளின் ஊட்டச்சத்து, இரத்தசோகை, மண் பரிசோதனை ஆகியவை பற்றி நாங்கள் தயாரித்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு துறை அளித்துவந்த தொகைதான் எங்கள் வருமானத்தில் பெரும்பகுதியாக இருந்தது. நிதி ஒதுக்கீடு குறைக்கப்பட்டதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று இரண்டே வரியில் கடிதம் வந்தது. ஏற்கெனவே ஒலிபரப்பி முடித்த அரசு விளம்பரங்களுக்கான தொகையும் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. எந்த அலுவலரையும் குறைகூற நாங்கள் இதைச் சொல்லவில்லை. எங்களுக்கு எட்டியிருந்த ஒரே வாசலையும் சாத்தினால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

நகரத்தில் ஒரு நிலையத்தை லட்சம் பேர் கேட்பார்கள். எங்கள் மேடுபள்ளங்களுக்கு நடுவே சில ஆயிரம் பேர் கேட்டாலே பெரிது. ஆனால் ஒலிபரப்பி இங்கே மட்டும் குறைந்த விலைக்குக் கிடைப்பதில்லை. கம்பமும் பேட்டரியும் மின்கட்டணமும் ஆள் குறைவு என்று குறைவதில்லை. பண்பலை நேர்கோட்டில் செல்லும் அலை என்பதால், ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் ஊருக்குக் கேட்காது. பெரிய நிலையங்களின் ஒலி எட்டாத பள்ளங்கள் எங்கள் வட்டத்தில் நிறைய இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களின் மொழிகளும் பல. மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 குடியினரும் நீலகிரியில் இருக்கிறார்கள். படகர்களின் ஊர்களான ஹட்டிகள் இருக்கின்றன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்தவர்கள், வானொலியின் அருமையை நாங்கள் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது எங்கள் நிலையம் இல்லை. எங்கள் ஊர்களில் மின்சாரமும் கைப்பேசியும் ஒன்றாக நின்றுபோயின. மண் எங்கே சரிந்தது, எந்தச் சாலையில் போகலாம் என்று கேட்க ஒருவர் வீட்டிலிருந்து மற்றொருவர் வீட்டுக்கு நனைந்தபடி நடந்தோம். பேட்டரியில் பாடும் சிறு வானொலிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது, ஆனால் அதில் எங்கள் சாலையைப் பற்றிப் பேச யாரும் இல்லை. நிலையம் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மழையில்தான் பிறந்தது.

நேரம் குறைந்தபோது முதலில் நின்றது வெளிக்களப் பதிவு. ஜீப்புக்கு டீசல் போட முடியவில்லை. குறும்பர் ஊர் ஒன்றில் ஒரு பாட்டி, தம் அண்ணன்மார் கொடி ஏணியில் பாறைமுகத்தில் இறங்கித் தேனெடுத்த காலத்தைத் தம் மொழியிலேயே சொல்லிவந்தார். ஏணியின் மேல்நுனியைப் பிடித்துக் காவலிருப்பவர் யாராக இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிய இடத்தில் அந்தத் தொடர் அறுந்தது. அடுத்து பச்சைத் தேயிலை விலை நின்றது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையையும் சுற்றுவட்டத் தொழிற்சாலைகள் அன்றன்று தரும் விலையையும் காலையில் வாசித்துவந்தோம். அரை ஏக்கர் வைத்திருப்பவர் கொழுந்தை யாரிடம் போடுவது என்று முடிவுசெய்ய அது உதவியது. இவையெல்லாம் சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் இவற்றைச் செய்ய வேறு யாரும் இல்லை.

இனி நன்றி.

கோயம்புத்தூரில் வசிக்கும், அரசு வானொலியில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா அவர்களுக்கு முதலில். மார்கழியில் ஒலிபரப்பி அடிக்கடி தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கியபோது, அதன் ஆயுள் முடிந்தது, புதிது வாங்க வழியில்லை, கதவைப் பூட்டவேண்டியதுதான் என்றே நாங்கள் நினைத்தோம். செய்தி கேள்விப்பட்டு, காரமடையிலிருந்து கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் பேருந்தில் ஏறி, எழுபது வயதைக் கடந்த அவர் கருவிப் பெட்டியுடன் வந்து இறங்கினார். ஒலிபரப்பியை அவர் திறக்கவே இல்லை. ஆன்டெனாவுக்குச் செல்லும் கேபிளின் இணைப்பைக் கம்பத்தில் ஏறிக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் அதற்குள்ளிருந்து ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் வழிந்தது. செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. பனியும் மழையும் உள்ளே புகுந்ததால் அனுப்பிய ஆற்றல் ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வந்திருக்கிறது, அதைக் கண்டு ஒலிபரப்பி தன்னைத் தானே காத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்து, புதிய இணைப்பைப் பொருத்தி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, கட்டடத்துக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிடச் செய்தார். மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப்போய்விடும். பயணச் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார். இந்த வேலையை இனி நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்லி, எங்களுடன் இருக்கும் இளைஞர்கள் இருவருக்கு மறுநாள் முழுவதும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். ஐயா, அந்த வளையத்தின் அடியில் துளித்துளியாக நீர் சொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறோம்.

குன்னூரைச் சேர்ந்த வழக்கறிஞர் அம்மையாருக்கு எங்கள் நன்றி. நிலுவைத் தொகைக்காக நாங்கள் எழுதிய கடிதங்கள் கெஞ்சலாகவே இருந்தன. அவர் அவற்றைப் படித்துவிட்டு, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியிருப்பதை நினைவூட்டி, இது சலுகை அன்று, செய்த வேலைக்கான தொகை என்று மனுவைத் திருத்தி எழுதிக்கொடுத்தார். நிலுவையில் ஒரு பகுதி மாசியில் வந்து சேர்ந்தது. எங்கள் கோப்பைத் தேடியெடுத்து மேசைக்கு மேசை நகர்த்திய, பெயர் தெரியாத அந்த எழுத்தருக்கும் நன்றி கூறுகிறோம்.

எடக்காட்டில் பிறந்து இப்போது அமெரிக்காவில் சிறிய ஊர் ஒன்றில் வாழும் சகோதரி எழுதிய நீண்ட கடிதம், நாங்கள் செய்வதறியாமல் இருந்த நாட்களில் வந்தது. அங்கே 1967-இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்ட பொது ஒலிபரப்புக் கழகத்தின் வழியாகவே ஊர் வானொலிகளுக்கு அரசுப் பணம் போய்க்கொண்டிருந்தது என்றும், 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் அந்தக் கழகமே பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவிக்க நேர்ந்தது என்றும் எழுதியிருந்தார். பெருநகர நிலையங்களுக்கு நேயர்களின் நன்கொடை கைகொடுக்கிறது. மக்கள்தொகை குறைந்த இடங்களில் இருப்பவைதான் அரசுப் பணத்தை அதிகம் நம்பியிருந்தன, அடியும் அவற்றுக்குத்தான் பலமாக விழுந்தது என்று அவர் விவரித்ததைப் படித்தபோது, பணக்கார நாட்டிலும் ஒதுக்குப்புறத்து ஊருக்கு இதே கதிதானா என்று வருந்தினோம். அவர் பணம் அனுப்ப முன்வந்தார். அயல்நாட்டு நன்கொடை பெறும் பதிவு எங்களிடம் இல்லாததால் ஏற்க இயலவில்லை. அதற்கு ஈடாக அவர் கொடுத்த யோசனை பணத்தைவிட நீண்ட நாள் உழைக்கும். அவருடைய ஊர் நிலையத்தில் செய்வதைப்போல, ஒருமுறை பெருந்தொகை கேட்காமல் மாதந்தோறும் சிறுதொகை கேளுங்கள், வந்ததையும் செலவானதையும் மாதம் ஒருமுறை ஒலிபரப்பில் வாசியுங்கள் என்றார். அப்படியே செய்கிறோம்.

அந்த மாதச் சந்தாவில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார் தங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் முடிவெடுத்து, ஆளுக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்து, குழுவின் கணக்கு நோட்டிலேயே "ரேடியோ" என்று ஒரு பத்தி கிழித்துப் பதிகிறார்கள். கிண்ணக்கொரை வழித்தடத்தின் நடத்துநர் அண்ணன், தூரத்து ஊர்களில் சேர்ந்த தொகையையும் அங்கே இளைஞர்கள் கைப்பேசியில் பதிவுசெய்த பேட்டிகளின் மெமரி கார்டுகளையும் ஒரே உறையில் போட்டு, ஒருநாளும் தவறாமல் கொண்டுவந்து சேர்த்தார். ஜீப் ஓடாத நான்கு மாதமும் பாதி நிகழ்ச்சிகள் பேருந்தில்தான் வந்தன. பள்ளி மாணவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு அஞ்சலட்டை எழுதினார்கள். மின்வாரியத்தின் கம்பியாளர் தம்பி, புயல் எச்சரிக்கை வந்த இரவில் எங்கள் இணைப்பை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஒரு ஹட்டியிலிருந்து வந்த பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஊன்றுகோலுடன் படியேறி வந்தவர், மடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்து எங்கள் மேசையில் வைத்தார். அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, கட்டண வில்லை ஒட்டி, முத்திரை வாங்கிய பழைய வானொலி லைசன்ஸ் புத்தகம் அது. வானொலி கேட்க வீட்டுக்கு வீடு கட்டணம் செலுத்தும் அந்த முறை 1985-இல் ரத்தானது. "அதற்குப் பிறகு நான் ரேடியோவுக்கு ஒன்றும் கட்டவில்லை, இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லி, விட்டுப்போன ஆண்டுகளை விரல்விட்டு எண்ணி, ஆண்டுக்கு இவ்வளவு என்று தாமே கணக்கிட்டு, அந்தத் தொகையைப் புத்தகத்தின் மேல் வைத்தார். ரசீது கேட்டார். கொடுத்தோம். அதை மடித்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். அன்று எங்களில் யாருக்கும் உடனே மைக்கின் முன் உட்கார முடியவில்லை.

பணத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். சந்தாவில் மின்கட்டணம், டீசல், பேட்டரிச் செலவு ஆகியவற்றைச் சமாளிக்கிறோம். அறிவிப்பாளர்களின் ஊதியம் இன்னும் பாதிதான். துறைகளின் நிகழ்ச்சிகளை மீண்டும் பெறுவதற்கான விண்ணப்பத்தை நாங்கள் கைவிடவில்லை, கைவிடவும் மாட்டோம். மக்கள் கொடுக்கிறார்கள் என்பதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதையும் இங்கே பணிவுடன் பதிவுசெய்கிறோம்.

பச்சைத் தேயிலை விலை இனி நாள்தோறும் காலை 6.30 மணிக்கு. படக மொழி நிகழ்ச்சி செவ்வாய், வெள்ளி மாலை 5 மணிக்கு. சென்ற வாரம் ஜீப் மறுபடியும் குறும்பர் ஊருக்குப் போய் வந்தது. பாட்டி நலமாக இருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று நாங்கள் நினைவூட்டும் முன்பே அவர் தொடங்கிவிட்டார். கொடி ஏணியின் மேல்நுனியைப் பிடித்திருந்தவர் யார் என்பதை இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அவர் குரலிலேயே கேட்கலாம்.

நன்றியுடன்,
நிலையப் பொறுப்பாளரும் அறிவிப்பாளர்களும்
குந்தா வட்டம், நீலகிரி