நடுவராகப் போன கதை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கேள். இதையும் மருமகளை வாசிக்கச் சொல். இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லாரும் சுகம்.

ஓய்வு பெற்றும் என்னை விடுவதாக இல்லை. போன சனிக்கிழமை உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனேன். தலைப்பு இன ஒற்றுமை. ஜூலை மாதத்தில் வேறென்ன வரும்? 1964 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை நினைவூட்டத்தான் 1997 முதல் இங்கே பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறார்கள். நீ ஈப்போவுக்குப் போன பிறகு வந்த வழக்கம் இது. அன்றைக்குப் பிள்ளைகள் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங்கும் சேலையும் மாற்றி மாற்றி உடுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பேச்சுகளைக் கேட்க வேண்டுமே! முக்கால்வாசிப் பேர் "23 பேர் மாண்டனர், 454 பேர் காயமுற்றனர்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தொடங்கினார்கள். அடுத்த மூச்சில் தீபாவளி முறுக்கு, நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் செய்யும் கெதுபாட் சோறு. கடைசியில் கையை உயர்த்தி "இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து" என்று உறுதிமொழி. எந்த வரியில் குரலை இறக்க வேண்டும் என்பது வரை ஆசிரியர் எழுதிக் கொடுத்தது தெரிந்தது. பாடாங் திடலிலிருந்து கேலாங் வட்டாரத்துப் பக்கம் போன நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட சண்டை எப்படித் தீவெங்கும் பரவியது, அக்கம்பக்கத்தில் பழகியவர்களே எப்படி அடித்துக்கொண்டார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நமக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆனால் உன் அப்பா ஊரடங்கு நாள்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு பையன் 2011 கறி விவகாரத்தை எடுத்தான். உனக்கும் தெரிந்திருக்கும். சீனாவிலிருந்து குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று சமரச மையம் வரை போன செய்தி. அது வெளியானதும் சனம் கொதித்துப்போய் ஆகஸ்டு 21 அன்று வீட்டுக்கு வீடு கறி சமைத்தது. அதை ஒற்றுமையின் வெற்றி என்று முழங்கினான். கேள்வி அங்கத்தில் நான் கேட்டேன், "அன்றைக்கு அந்தச் சீனக் குடும்பம் என்ன செய்திருக்கும், தம்பி?" கொஞ்சம் யோசித்து, "சன்னலைச் சாத்தியிருப்பாங்க, ஐயா" என்றான். அந்தப் பதிலுக்கே முழு மதிப்பெண் போட்டேன்.

அப்புறம் ஒரு பெண் வந்தாள், உயர்நிலை மூன்று. அவள் பேச்சில் முறுக்கும் இல்லை, கெதுபாட்டும் இல்லை. முன்பு அவர்கள் வாடகைக்கு வீடு தேடியபோது "இந்தியர்கள் வேண்டாம்" என்று ஒரு முகவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அப்பா வாரக்கணக்கில் பொருமினாராம். பிறகு சொந்த வீடு வாங்கி, ஓர் அறையை வாடகைக்கு விட நினைத்தபோது அதே அப்பா தொலைபேசியில், "சீனாக்காரங்க மட்டும் வேண்டாம்" என்றாராம். "நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை" என்றாள். அப்பா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மனுஷன் நெளிந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

மணி அடித்த பிறகும் பேசினாள், மதிப்பெண் குறைந்தது. அது விதி, சரி. ஆனால் உடன் இருந்த நடுவர் ஒருவர், "தலைப்பு ஒற்றுமை, இந்தப் பிள்ளை குறை சொல்கிறாளே" என்றார். நானும் விடவில்லை. தமிழ்ப் போட்டி, அரங்கில் இருப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள். சீனரும் மலாய்க்காரரும் கேட்காத இடத்தில் ஒற்றுமையின் பெருமையைப் பாடி யாருக்கு என்ன லாபம்? நம் வீட்டுக்குள் அவர்களைப் பற்றி நாம் பேசுவதை நாமே எடுத்து வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் ஏது? 1989லிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளில் இன விகிதம் வைத்து எல்லாரையும் கலந்து குடியமர்த்துகிறார்கள். இந்தப் பிள்ளைகள் தினமும் அவர்களோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். சொல்ல எவ்வளவோ இருக்கும். நாம்தான் கேட்பதில்லை.

வாதம் எடுபடவில்லை. அவளுக்கு ஊக்கப்பரிசுதான். முதல் பரிசு ழகரம் பிசகாமல் பேசிய இன்னொரு பையனுக்கு. அதையும் குறை சொல்ல மாட்டேன், ழகரம் இப்போது அரிதாகிவிட்டது.

அடுத்த ஆண்டுக்குத் தலைப்பு கேட்டிருக்கிறார்கள். புளோக்கின் பொதுக் கீழ்த்தளத்தில் ஒரே நாளில் மலாய்த் திருமணமும் சீனர் வீட்டு இறுதிச்சடங்கும் வந்தால் என்ன செய்வது என்று ஒன்று எழுதிக் கொடுத்தேன். பதில் மனப்பாடத்தில் கிடைக்காது, பார். உன் பங்குக்கு இரண்டு யோசித்து வை. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்தது உனக்கு நிறைய இருக்கும்.

செப்டம்பர் விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஹோட்டல் எதுவும் பார்க்காதே, உன் வீட்டில்தான் தங்குவோம்.

உன்,
செல்வம்