ஒரு காலைப்பொழுது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்திலுள்ள பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்திற்குத் தாதியர் பயிற்சி மாணவர்கள் அவ்வப்போது பேருந்தில் வந்து, மாற்றுத்திறன் பிள்ளைகளோடு ஆடிப்பாடி, ஹேம்பர் எனும் பரிசுக்கூடை வழங்கி, பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு மதியத்திற்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், சமூகப் பயிற்சி என்று பதிவாகும் அந்தக் காலைப்பொழுதில், பெருமூளை வாதத்தால் உடல் அசைவும் விழுங்குதலும் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு ஒருவேளைச் சோறூட்டக்கூட அவர்கள் கற்றுக்கொள்வதில்லை.

சோறூட்டுவது அத்தனை எளிய வேலையன்று. பிள்ளையை மடியில் மல்லாத்தித் தலையைப் பின்னால் சாய்த்துக் கஞ்சி புகட்டினால், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே மார்புப் பக்கம் தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கிய பிறகே மறுவாய் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திக்கொள்ளலாம். பெற்றோர் இருவரும் விடியுமுன் செம்பனைக் காட்டுக்குப் போய்விட, பாட்டி ஒருவரே பேரனைப் பார்த்துக்கொள்ளும் தோட்ட வீட்டில் அந்தக் கட்டில் இருக்காது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியும் சுருட்டிய பழைய கைலியும் கொண்டு அந்தப் பிள்ளையை எப்படி நிமிர்த்துவது என்பதை அந்த வீட்டிலேயே செய்து பார்த்தால்தான் கை பழகும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் துண்டறிக்கை சொல்வதைவிட, அந்தப் பாட்டியோடு தமிழில் பேசிப் பழகிய ஒரு மாணவி சொன்னால் எடுபடும். தமிழ் தெரிந்த மாணவர் ஒருவரோடு மலாய் அல்லது சீன மாணவர் ஒருவரை இணைத்து அனுப்பினால் இருவருக்குமே அது பாடமாகும்.

1984-இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் பி.டி.கே. திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டபோது, மறுவாழ்வுப் பயிற்சியைக் குடும்பத்தாரும் ஊராரும் சேர்ந்து அளிக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. மையத்திற்கு வர இயலாதவர்களை வீட்டிலேயே சென்று பார்க்கும் முறையும் அதில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்கு நிகராக உடல்நலம் பேணும் உரிமை உடையவர்கள் என்று மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கூறுகிறது. பெரிய சக்கர நாற்காலியும் பேருந்து வசதியின்மையும் சேர்ந்து வீட்டோடு முடக்கிவிட்ட தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அந்த உரிமை வாசற்படி ஏறிவர வேண்டும்.

ஆகவே, தாதிமைக் கல்லூரிகள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தோடு கலந்துபேசி, பெற்றோரின் சம்மதம் பெற்று, ஒரு மாணவர் ஒரே பிள்ளையின் வீட்டிற்குத் தொடர்ந்து பல வாரங்கள் சென்றுவர ஏற்பாடு செய்ய வேண்டும். விரிவுரையாளரோ அனுபவமிக்க சமூகத் தாதியோ உடன் இருந்து மேற்பார்வையிட வேண்டும். படம் எடுப்பது கூடாது. பயிற்சி முடிவில் மதிப்பெண் வழங்குமுன், அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவரிடம் மாணவர் என்ன கற்றுக்கொடுத்தார், அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டார் என்பதையும் கேட்டறிய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.