கொள்கை விளக்கக் குறிப்பு கிளை நூலக மேசைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கோயில் விழா, நூல் வெளியீடு, கண் சிகிச்சை முகாம் எல்லாம் வருகின்றன. எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிராம சபை, அதில் என்னென்ன பேசப் போகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. அரசுத் திட்டங்கள் யாருக்குப் போய்ச் சேருகின்றன, யார் விடுபடுகிறார்கள், ஏன் என்று சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து படிக்கவும் பேசவும் எங்கே போவது என்று கேட்டால் சொல்ல ஓர் இடம் இல்லை. அரசுத் துறைகள் தங்கள் திட்டங்களைப் பற்றி வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு மட்டும் மேசைக்கு வந்தால், ஊர்க் கிளை நூலகமே அந்த இடமாகும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் குறையில்லை. அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அரை நூற்றாண்டாக ஆய்வுகளும் கருத்தரங்குகளும் நடக்கின்றன. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் கன்னிமாரா. மதுரைக்கும் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது, மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் வேலை நாளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் ஓர் உரையைக் கேட்க, எங்கள் செங்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போக யாரால் முடியும்? ஏற்றத்தாழ்வைப் பற்றி நல்ல நல்ல பேச்செல்லாம், அதை அன்றாடம் சுமப்பவர்கள் காதில் விழாத தூரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

சரி, நம் மாநிலத்தில் சமூக நலத் திட்டங்களை அதிகம் படிப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பில் டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகும் பிள்ளைகள்தான். அவர்கள் பாடத்திட்டத்தில் ‘தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகம்’ என்று தனி அலகே உண்டு, மனிதவளக் குறியீடுகள், இடஒதுக்கீட்டின் நியாயம், நலத்திட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். எந்த ஊர்க் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் நாலு பேராவது கைடும் நோட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கைடில் இருப்பது என்ன? காலை உணவுத் திட்டம் தொடங்கிய நாள் 2022 செப்டம்பர் 15, இடம் மதுரை, அவ்வளவுதான். அந்தத் திட்டம் முதலில் சில அரசுப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய், 2024 ஜூலையில்தான் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. அதுவரை அந்தப் பள்ளிப் பிள்ளை வெறும் வயிற்றோடு ஏன் காத்திருந்தது, நிதி பற்றவில்லையா, சமையல் ஏற்பாடு ஆகவில்லையா, உதவிபெறும் பள்ளிப் பிள்ளை கொஞ்சம் வசதியானது என்ற நினைப்பா என்று கைடு கேட்காது, தேர்வும் கேட்காது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலையில் கூடும் பிள்ளைகளோடு ஒருநாள், குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கான தகுதி விதிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தோம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். குரூப் 4-க்குப் படிக்கும் ஒரு பெண் மின்சார விதியில் நின்றுவிட்டாள். “ஒரே வீடு, ஒரே மீட்டர், அண்ணன் தம்பிங்க மூணு குடும்பம், மூணு ரேஷன் கார்டு. அந்த யூனிட்டை யார் கணக்கில் எழுதுவீங்க சார்?” என்றாள். உடனே இன்னொரு பையன், வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இணைப்பே வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கும் என்று கேட்டான். பேச்சு அப்படியே ரேஷனுக்குப் போனது. 1997-ல் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்து ரேஷன் கொடுக்கும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது, அரிசி அட்டை இருப்பவர் இன்றைக்கும் கடையில் போய் மீட்டர் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. வசதியானவனுக்கு எதற்கு விலையில்லா அரிசி என்று ஒருவன் கேட்க, பிரிக்க ஆரம்பித்தால் முதலில் வெளியே நிற்பது காகிதம் சரியாக இல்லாத ஏழைதான் என்று அந்தப் பெண் பதில் சொல்ல, நூலகம் பூட்டும் நேரம்வரை ஓடியது. எல்லோருக்குமா, தகுதி பார்த்தா என்பது உலகம் முழுக்கச் சமூகக் கொள்கை படிப்பவர்கள் விடாமல் அலசும் கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்கு அதை யாரும் பாடமாக நடத்தவில்லை, விதியைப் படித்தார்கள், தங்கள் தெருவை நினைத்துப் பார்த்தார்கள், கேள்வி வந்துவிட்டது.

இதற்கு வேண்டிய சரக்கு தமிழிலேயே இருக்கிறது, அதுதான் முக்கியம். சட்டமன்றத்தில் துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தை வைக்கிறது. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதால் குறைகளை அதில் தேட முடியாதுதான். ஆனால் எத்தனை மையங்கள், எத்தனை பயனாளிகள், எவ்வளவு ஒதுக்கீடு என்று எழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள், போன வருடப் புத்தகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்தால் எது கூடியது, எது குறைந்தது, எது சத்தமில்லாமல் காணாமல் போனது என்று தெரிந்துவிடும். பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் பாடநூலில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய பாடம் இருக்கிறது, அடிப்படை தெரியாதவர் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் முடங்கிக் கிடப்பவையும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியாகத் தகவல் தாள் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று சொல்வது அதே ஆய்வுதான். இவ்வளவு முன்னேறிய மாநிலம் என்று சொல்லிக்கொள்கிறோம், பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தம் பற்றவில்லை! அந்தத் தாளைத் தமிழாக்கி ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்ட வேண்டாமா?

இடமும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ம் ஆண்டுச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், அது வந்தது நம் சென்னை மாகாணத்தில். இன்றைக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம், வரி ரசீதைப் பாருங்கள். மக்கள் காசில் ஓடும் நூலகத்தில் மக்களுக்கான திட்டங்களின் குறிப்பு அச்சுப் பிரதியாக மேசைமேல் இருப்பதுதானே முறை. சமூக நலம், பள்ளிக் கல்வி, உணவு, ஆதிதிராவிடர் நலம், ஊரக வளர்ச்சி என்று ஐந்து துறைகளுடையது இருந்தாலே போதும். பல நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது, மாதத்துக்கு ஒரு கூட்டத்தை இதற்கு ஒதுக்கலாம். அந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருக்கட்டும், ராத்திரிச் சமையல் நேரத்தில் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள், பெண்கள் வராமல் உரிமைத் தொகையைப் பற்றியும் சத்துணவைப் பற்றியும் பேசி என்ன பயன்? சென்னைப் பேராசிரியர்களும் வருடத்தில் ஓரிரு முறை மாவட்டங்களுக்கு வந்து தமிழில் பேசட்டும், அதைவிட முக்கியம், கூட்டத்துக்கு வந்த ஜனங்கள் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

படித்ததைக் கேட்டுப் பார்க்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மூவாயிரம் பேர்வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது நூறு பேர் வந்திருக்க வேண்டும், ஐந்நூறுக்குள் என்றால் ஐம்பது பேர். வரவு செலவும் பயனாளிகள் பட்டியலும் அங்கே வைக்கப்படுகின்றன. முன்கூட்டியே எதையும் படிக்காமல் போனால் தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்டுவிட்டு வர வேண்டியதுதான், அவையும் வேண்டியவைதான், ஆனால் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று கேட்க ஆள் வேண்டும். 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பும் அரசு வேலைகளுக்கான கூலிப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். படித்துக் காட்டியவர்களும் கேட்டவர்களும் எழுத்து தெரியாதவர்களை உள்ளிட்ட கூலி வேலைக்காரர்கள்தான், பட்டம் வாங்கியவர்கள் மட்டும் இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கிராம சபை, நகரங்களில் பகுதி சபை, திட்டக் கணக்குகளை மக்கள் முன்னால் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக் கூட்டம், நூலகங்களில் நடக்கும் இலவச உரைகள் இவற்றுக்கும் நாலு வரி இடம் கொடுங்கள், கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னாலேயே பொருள் பட்டியலோடு வந்தால் இன்னும் நல்லது. இரண்டு, மானியக் கோரிக்கை நடக்கும் நாட்களில் எந்த அமைச்சர் யாருக்கு என்ன பதிலடி கொடுத்தார் என்பதோடு சேர்த்து அன்றைய துறையின் குறிப்பிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை, அட்டவணையோடு, எளிமையாக விளக்கிப் போடுங்கள். அதைக் கத்தரித்து நூலகப் பலகையில் ஒட்டும் வேலையை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். செங்கம் வட்டாரக் கூட்டங்களின் விவரத்தைத் திரட்டி உங்கள் நிருபரிடம் கொடுக்கவும் நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்