போடியம் கோட்டையில் உதவிய பெரியவருக்கு நன்றி

சனிக்கிழமை இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் இருக்கும் போடியம் கோட்டைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வாசல் கோபுரத்தில் நின்றிருந்த தன்னார்வலர் ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு மூட்டுவலி. அகழிப் பாலத்தைக் கடந்ததுமே நின்றுவிட்டார். நாங்கள் கேட்பதற்கு முன்பே நாற்காலி கொண்டுவந்து போட்டு, "பிள்ளைகளோடு மேலே போய்ப் பாருங்கள், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். அந்தக் குறுகலான சுழற்படியில் அப்பாவால் ஏறியிருக்கவே முடியாது.

அப்புறம், வாசல் கூரையில் இருக்கும் ஓட்டைகளை டார்ச் அடித்துக் காட்டினீர்களே, உள்ளே நுழையும் எதிரியை மேலிருந்து தாக்குவதற்கு என்று! 1385-இல் அரசரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய அந்தக் கோட்டையில் கழிப்பறைகள் எல்லாம் நேராக அகழிக்குள்தான் என்று கேட்டதிலிருந்து என் மகனுக்கு வேறு பேச்சே இல்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது நீங்களும் அப்பாவும் கர்சன் பிரபுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். 1905-இல் வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்தான் பின்னாளில் இந்தக் கோட்டையை வாங்கிச் செப்பனிட்டு, 1925-இல் இறந்தபோது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றவர். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கர்சன்மீது அவருக்குக் கோபம் உண்டு. நீங்கள் முகம் சுளிக்காமல், மேலும் மேலும் கேள்வி கேட்டு அவரைப் பேசவிட்டீர்கள். இங்கு வந்த பிறகு அவர் யாரோடும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

ரொம்ப நன்றி ஐயா. ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு முறை அங்கே அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார்.